ஜே. பி. சந்திரபாபு: கள்ளக்குரலில் ஒரு சொந்தக் குரல்

ஜே. பி. சந்திரபாபு (1927–1974) தமிழ்த் திரைப்பட நகைச்சுவை நடிகர், பாடகர், நடனக்காரர், இயக்குநர். 1950-களிலும் 1960-களின் முற்பகுதியிலும் மேல்நாட்டு மெல்லிசையைத் தமிழ் நகைச்சுவையோடு இணைத்தவர். தனக்கான பாட்டைத் தானே பாடி, தானே ஆடி நடித்தவர். யோடலிங் என்ற பாடுமுறையைத் தமிழ்த் திரைப்பாட்டில் அனைவரும் அறியச் செய்தவர்.

அவரைப் பற்றித் தேடும் மாணவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் அவருடைய பாட்டு அல்ல. அவருடைய துயரக் கதை. தற்கொலை முயற்சி, முறிந்த திருமணம், பாதியில் நின்ற படம், மதுப்பழக்கம், வறுமையில் மரணம் என்று அந்தக் கதை திரும்பத் திரும்ப எழுதப்பட்டுவிட்டது. அவை நடந்தவைதாம். ஆனால் அவர் செய்த வேலை என்ன, அது எப்படிச் சாத்தியமாயிற்று என்ற கேள்வி அந்தக் கதையின் அடியில் மூழ்கிவிட்டது. மேல்நாட்டு மெட்டைக் காப்பியடித்துக் குதித்தவர் என்று ஒரே வரியில் ஒதுக்குவோரும் உண்டு. அந்த வரி சரிதானா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

தூத்துக்குடிப் பெயர்

அவருடைய முழுப் பெயர் ஜோசப் பனிமயதாஸ் சந்திரபாபு ரோட்ரிக்ஸ். இந்த ஒரு பெயருக்குள் ஒரு கடற்கரையின் வரலாறு இருக்கிறது. பனிமயதாஸ் என்பது தூத்துக்குடிப் பனிமய மாதாவின் அடியவர் என்று பொருள்படும். மாதா கோயில் திருவிழா ஆகஸ்ட் 5 அன்று நிறைவுபெறும். சந்திரபாபு பிறந்ததும் ஆகஸ்ட் முதல் வாரத்தில்தான். ரோட்ரிக்ஸ் என்ற குடும்பப் பெயர் போர்த்துக்கீசியர் காலத்தது. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கூட்டங்கூட்டமாகக் கத்தோலிக்கத்தைத் தழுவியபோது, ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயர்கள் பல குடும்பப் பெயர்களாகவே நிலைத்துவிட்டன. பெர்னாண்டோ, கோமஸ், ரோட்ரிக்ஸ் போன்ற பெயர்கள் அந்தக் கரையில் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ப் பெயர்களாகவே புழங்குகின்றன.

இதை ஏன் விரிவாகச் சொல்ல வேண்டும் என்றால், 'மேல்நாட்டு இசை' என்று நாம் தூரத்தில் நிறுத்தும் பொருள் அந்தக் கரையில் அவ்வளவு தூரத்துப் பொருள் அல்ல. கோயில் பாடல் குழுவில் ஆர்மோனியமும் வயலினும் ஒன்றாக ஒலிக்கும். இலத்தீன் வழிபாட்டுப் பாட்டும் தமிழ்க் கீர்த்தனையும் ஒரே காதில் விழும். தஞ்சாவூர்க் குழந்தைக்குத் தேவாரம் எப்படியோ, அந்தக் கரைக் குழந்தைக்கு இவை அப்படி.

தந்தை ஜே. பி. ரோட்ரிக்ஸ் விடுதலைப் போராட்டக்காரர். 'சுதந்திர வீரன்' என்ற இதழை நடத்தியவர். ஆங்கில அரசு அந்த இதழை முடக்கியது. சிறைவாசத்துக்குப் பிறகு 1929-இல் அவர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். குடும்பமும் கூடச் சென்றது. ஆங்கிலேயரை எதிர்த்து நாடு கடத்தப்பட்ட ஒருவரின் மகன்தான், 'ஆங்கிலப் பாணி' என்று பிற்காலத்தில் விமர்சிக்கப்பட்டார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கொழும்பில் வளர்ந்த காது

சந்திரபாபு படித்து வளர்ந்தது கொழும்பில். அக்காலக் கொழும்பு பல இசைகள் கலந்த துறைமுகம். போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றதும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் காத்து வந்ததுமான தாளங்களிலிருந்து உருவான பைலா அங்கே விருந்துகளிலும் தெருக்களிலும் பாடப்பட்டது; 1940-களில் வாலி பாஸ்டியன் அதைச் சிங்கள மெல்லிசையாகப் பெரும் புகழ் பெறச் செய்தார். பைலாவுக்கு ஒரு குணம் உண்டு. அது நடனப் பாட்டு. கூடவே கேலிப் பாட்டு. சிரிக்க வைப்பதும் ஆட வைப்பதும் அங்கே இரண்டு வேலைகள் அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நேச நாட்டுப் படையினர் கொழும்பில் குவிந்திருந்தனர். அவர்களோடு இசைத்தட்டுகளும் நடனக் கூடங்களும் வந்தன. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு வீசியபோது சந்திரபாபுவுக்கு வயது 14. அடுத்த ஆண்டு குடும்பம் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது. தந்தை 'தினமணி'யில் பணியில் சேர்ந்தார்.

ஆக, சென்னைக்கு வந்த 16 வயது இளைஞனின் காதில் ஏற்கெனவே இருந்தவை கோயில் பாட்டு, கடற்கரைத் தமிழ், கொழும்பு நடன இசை. பிற்காலத்தில் படத்துக்காக இசைத்தட்டைப் போட்டுக் கேட்டுப் பழகிக்கொண்ட பாணி அல்ல இது. வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

அவருக்கு முன் இருந்த நகைச்சுவைப் பாட்டு

தமிழ்ப் படங்களில் நகைச்சுவையும் பாட்டும் சேர்வது சந்திரபாபுவால் தொடங்கவில்லை. என். எஸ். கிருஷ்ணன் (1908–1957) அதைப் பெருங்கலையாக ஆக்கியிருந்தார். அவர் நாகர்கோவில்காரர், வில்லுப்பாட்டும் நாடக மேடையும் அவருடைய ஊற்று. 'நல்லதம்பி' (1949) படத்தில் வரும் கிந்தனார் காலட்சேபம் நந்தனார் கதையை எடுத்துக்கொண்டு, கல்வியைப் பற்றிய கேலியும் பாடமுமாக மாற்றியது. கலைவாணர் சொல்லால் சிரிக்க வைத்தார். பாட்டு அந்தச் சொல்லைச் சுமந்தது.

சந்திரபாபுவிடம் இது தலைகீழானது. அவருடைய பாட்டில் சொல்லை நீக்கிவிட்டாலும் சிரிப்பு மிஞ்சும். குரலும் உடம்பும் தாளமுமே நகைச்சுவை. அக்காலத்தில் மற்ற நகைச்சுவை நடிகர்களுக்கு எஸ். சி. கிருஷ்ணன், ஏ. எல். ராகவன் போன்றோர் பின்னணி பாடினார்கள், நன்றாகவே பாடினார்கள். ஆனால் தொண்டை ஒருவருடையதும் கால் இன்னொருவருடையதுமாக இருக்கும்போது கிடைக்காத ஓர் இசைவு, இரண்டும் ஒருவருடையதாக இருக்கும்போது கிடைக்கிறது.

திரையில் அவருடைய தொடக்கம் மெதுவானது. 'மணிக்கொடி' எழுத்தாளர் பி. எஸ். ராமையா இயக்கிய 'தன அமராவதி' (1947) முதல் படம். அதன்பின் வாய்ப்புக்காக அலைந்த ஆண்டுகளில்தான் ஜெமினி ஸ்டூடியோவில் அந்தத் தற்கொலை முயற்சி நடந்தது. தற்கொலை முயற்சி அன்று சட்டப்படி குற்றம் என்பதால் வழக்கும் வந்தது. நீதிமன்றத்தில் அவர் தீக்குச்சியால் கையைச் சுட்டுக்கொண்ட கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள், இங்கே தேவையில்லை. ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' (1952) படத்தில் அவருக்கு வேடம் கிடைத்தது என்பதோடு நகரலாம்.

யோடலிங் என்பது என்ன?

மனிதக் குரலில் இரண்டு அடுக்குகள் உண்டு. நெஞ்சிலிருந்து எழும் கனமான குரல் ஒன்று. உச்சத்தில் மெல்லிதாக ஒலிக்கும் குரல் மற்றொன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் இடத்தில் ஒரு முறிவு இருக்கிறது. பதின்ம வயதில் பையன்களுக்குக் குரல் 'உடையும்போது' வகுப்பறையில் எல்லோரும் சிரிப்பது அந்த முறிவைக் கேட்டுத்தான். யோடலிங் பாடுபவர் இந்த முறிவை மறைப்பதில்லை. கீழ்க்குரலுக்கும் மேல்குரலுக்கும் இடையே வேகமாகத் தாவித் தாவி, முறிவையே தாளமாக்குகிறார். ஆல்ப்ஸ் மலை இடையர்கள் ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்குக் கூப்பிடப் பயன்படுத்திய முறை இது. அமெரிக்காவில் ஜிம்மி ரோட்ஜர்ஸ் என்ற ரயில்வேத் தொழிலாளி இதை ஏழைகளின் சோகப் பாட்டோடு கலந்தார். அவருடைய முதல் 'புளூ யோடல்' பதிவானது 1927 நவம்பரில். சந்திரபாபு பிறந்த ஆண்டும் அதுவே. தற்செயல்தான், ஆனால் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ள மாணவர்களுக்கு உதவும்.

இந்தித் திரையில் இதையே கிஷோர் குமார் (பிறப்பு 1929) செய்தார். அவரும் நகைச்சுவை நடிகர், அவரும் தனக்குத் தானே பாடியவர். ஒருவர் காண்டுவா, மற்றவர் தூத்துக்குடி. ஏறத்தாழ ஒரே காலத்தில், இசையைச் சிரிப்பாக்க இருவரும் கையாண்ட கருவி ஒன்றாக இருந்தது.

நம்முடைய சங்கீத மரபில் இந்த மேல்குரலுக்கு ஒரு பெயர் உண்டு: கள்ளக்குரல். கள்ளத்தொண்டை என்றும் சொல்வார்கள். அது குற்றம். உச்ச ஸ்தாயிக்குப் போனாலும் நெஞ்சுக் குரலிலேயே போக வேண்டும். எட்டாதவர்தான் கள்ளக்குரலில் ஒப்பேற்றுவார் என்பது மரபின் தீர்ப்பு. சந்திரபாபு செய்தது அந்தக் குற்றத்தை ஒளிக்காமல் நடுக்கூடத்தில் வைத்து ஆட விட்டது. 'கள்ளம்' என்பது இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. அவரோ தையலை வெளியே தெரியும்படி காட்டினார். குரல் முறிகிற இடத்தைக் கேட்பவர் கேட்டுச் சிரிக்கட்டும் என்று விட்டார். பெயரளவில் பொய்யான குரல், அவருக்கு மெய்யான குரலாக ஆனது இப்படித்தான்.

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் வசிப்பவர்களுக்கு இந்தத் தையல் என்பது கண்ணெதிரே தெரியும் விஷயம். மார்கழி, தை மாதங்களில் செங்கம் சாலையில் நடந்தால், எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் கிட்டார் மீட்டித் தமிழ்ப் பக்திப் பாட்டுப் பாடுவதைக் கேட்கலாம். சிலர் நம் உச்சரிப்பை அப்படியே போலச் செய்ய முயல்வார்கள். ஏனோ மனத்தில் ஒட்டாது. சிலர் தம் நாட்டு உச்சரிப்பை மறைக்காமல், தம் ஊர் மெட்டிலேயே பாடுவார்கள். நின்று கேட்கத் தோன்றும். கலப்பு பொய்யாவது கலப்பதனால் அல்ல, கலந்த இடத்தைப் பூசி மறைப்பதனால் என்று எனக்குப் படுகிறது.

பாட்டுகளின் காலம்

'பெண்' (1954) படத்தில் எஸ். பாலசந்தருக்காகக் கல்யாணத்தைக் கேலி செய்யும் ஒரு பாட்டை சந்திரபாபு பாடினார். வீணை பாலசந்தர் என்று பின்னாளில் உலகம் அறிந்த அதே பாலசந்தர்தான் திரையில் வாயசைத்தவர். இசை ஆர். சுதர்சனம். கர்நாடக இசையின் கறாரான மேதை ஒருவருக்குச் சந்திரபாபுவின் குரல் பொருந்தியிருந்தது என்பது சுவையான செய்தி.

1957 அவருக்குப் பெரிய ஆண்டு. ஜி. ராமநாதன் இசையில் 'மணமகன் தேவை' படத்தின் 'பம்பரக் கண்ணாலே', விசுவநாதன்–ராமமூர்த்தி இசையில் 'புதையல்' படத்தின் 'உனக்காக எல்லாம் உனக்காக' ஆகிய இரண்டும் அந்த ஆண்டுப் பாட்டுகள். பின்னதை எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். மேல்நாட்டுத் துள்ளல் தாளத்துக்குப் பொதுவுடைமைக் கவிஞர் பேச்சுத் தமிழில் சொல் கொடுத்தார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மெட்டு எங்கிருந்து வந்ததாக இருந்தாலும் சொல் பட்டுக்கோட்டைப் பக்கத்துச் சொல். 'மரகதம்' (1959) படத்தில் எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில் கே. ஜமுனாராணியுடன் பாடிய 'குங்குமப் பூவே' இன்றும் கல்யாண வீட்டுக் கச்சேரிகளில் ஒலிக்கிறது.

இந்தப் பாட்டுகள் பரவியதற்கு ஒரு வெளிக் காரணமும் உண்டு. 1952 முதல் மத்திய அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுக்கு இடம் தர விரும்பவில்லை. நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினார்கள். கொழும்பில் வளர்ந்த குரல், கொழும்பு வழியாகவே தமிழ்நாட்டு வீடுகளுக்குத் திரும்பி வந்தது.

கட்டியங்காரனும் ரிக்‌ஷாக்காரரும்

எங்கள் மாவட்டம் தெருக்கூத்துக்குப் பேர் போனது. செய்யாறு பக்கத்துப் புரிசை கூத்துக் கலைஞர்களின் ஊர். கூத்தில் துரியோதனனும் திரௌபதியும் பாரதக் காலத்தில் நிற்பார்கள். கட்டியங்காரன் மட்டும் இன்றைய காலத்தில் நிற்பான். ராஜாவைப் பக்கத்திலிருந்தே கிண்டல் செய்வான். ஊர்ப் பேச்சில் பேசுவான். நேற்று வந்த சினிமா மெட்டைக்கூட இழுத்துப் போடுவான். அதனால் கூத்து கெட்டுவிட்டது என்று யாரும் எழுந்து போவதில்லை. விடியும்வரை கூட்டத்தை உட்கார வைப்பவனே அவன்தான்.

1950-களின் தமிழ்ப் படத்தில் நாயகர்கள் அடுக்குத் தமிழ் பேசினார்கள். அவர்களுக்கு நடுவே சந்திரபாபு கட்டியங்காரனின் இடத்தில் நின்றார். 'சபாஷ் மீனா' (1958) இதற்கு நல்ல சான்று. பி. ஆர். பந்துலு இயக்கிய அந்தப் படத்தில் சிவாஜி கணேசன் நாயகர். சந்திரபாபுவுக்கு இரட்டை வேடம். ஒரு வேடம் நாயகனின் நண்பன். மற்றொன்று சென்னைத் தமிழ் பேசும் ரிக்‌ஷாக்காரர். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்து ஆங்கிலம் சரளமாகப் பேசிய ஒருவர், சென்னைக் கூலித் தொழிலாளியின் பேச்சை இழிவு தொனிக்காமல் பேசிக் காட்டினார். அந்தப் பேச்சைப் பேசுபவர்களே கைதட்டினார்கள். கோட்டும் சூட்டுமாக மேல்நாட்டு நடனம் ஆடிய அதே உடம்புதான் ரிக்‌ஷாவையும் இழுத்தது. இரண்டிலும் வேற்றாள் வேடம் தெரியவில்லை.

அந்தப் படத்தை பந்துலுவே 1962-இல் இந்தியில் 'தில் தேரா தீவானா' என்று எடுத்தார். சந்திரபாபுவின் பாத்திரத்தை ஏற்ற மெஹ்மூத், சிறந்த துணை நடிகருக்கான பிலிம்பேர் விருதைப் பெற்றார். 1996-இல் வந்த 'உள்ளத்தை அள்ளித்தா'வும் 'சபாஷ் மீனா'வின் கதையையே பெரிதும் ஒட்டி அமைந்தது. பாத்திரம் இப்படி வேறு நடிகர்களுக்குக் கைமாறியது. பாட்டும் குரலும் கைமாறவில்லை.

முட்டாளின் பாட்டுகள்

அவருடைய பாட்டுகளில் எனக்கு முக்கியமாகப் படுபவை துள்ளல் பாட்டுகள் அல்ல. 'சகோதரி' (1959) படத்தில் பால்காரர் வேடத்தில் பாடிய 'நான் ஒரு முட்டாளுங்க', 'கவலை இல்லாத மனிதன்' (1960) படத்தின் 'பிறக்கும்போதும் அழுகின்றாய்', 'அன்னை' (1962) படத்தின் 'புத்தியுள்ள மனிதரெல்லாம்' ஆகிய மூன்றும்தான். மூன்றையும் எழுதியவர் கண்ணதாசன். மூன்றிலும் ஒரே ஆள்தான் பாடுகிறான்: தன்னை முட்டாள் என்று ஒப்புக்கொண்டு, அந்த அனுமதியோடு உலகத்தைப் பற்றி உண்மை பேசுகிறவன். சித்தர் பாட்டிலும் இந்தக் குரல் உண்டு. மேல்நாட்டு வாத்தியங்கள் பின்னணியில் இருக்கின்றன. ஆனால் யாரும் அவற்றை மேல்நாட்டுப் பாட்டு என்று நினைப்பதில்லை. குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் முன்னிலையில் இவற்றில் ஒன்றைப் பாடி, பாராட்டிய மகிழ்ச்சியில் அவர் மடியிலேயே போய் உட்கார்ந்துவிட்டார் என்றொரு கதையைத் திரையுலகில் விரும்பிச் சொல்வார்கள்.

'சகோதரி' பற்றிய செய்தி ஒன்று அவருடைய சந்தை மதிப்பைக் காட்டும். படம் முடிந்த பிறகு போதிய விறுவிறுப்பு இல்லை என்று கருதிய ஏவி.எம். நிறுவனம், சந்திரபாபுவின் நகைச்சுவைப் பகுதியைத் தனியாக எடுத்துச் சேர்த்தது. கதையோடு பெரிய தொடர்பில்லாத அந்தப் பால்காரரையும் அவருடைய பாட்டையும்தான் இன்று பலருக்கு நினைவிருக்கிறது.

கொடுத்த விலை

தன் இயல்பை விட்டுக்கொடுக்காதவர் என்று அவரைப் புகழ்வது வழக்கம். அந்த இயல்பில் எல்லாமே புகழத்தக்கவை அல்ல என்பதையும் எழுத வேண்டும். 'கவலை இல்லாத மனிதன்' கண்ணதாசனே தயாரித்த படம். படப்பிடிப்புக்கு சந்திரபாபு ஒழுங்காக வராததால் தாம் பட்ட தொல்லையைக் கவிஞர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். தனக்கு அவ்வளவு நல்ல பாட்டுகளைத் தந்தவரையே நட்டப்படுத்தியதை 'கலைஞனின் மனநிலை' என்று சொல்லி மூடிவிட முடியாது.

பெரிய நட்சத்திரங்களையும் அடைமொழி இல்லாமல் பெயர் சொல்லிப் பேசினார் என்று உடன் இருந்தவர்கள் சொல்வதுண்டு. படிநிலை மிகுந்த ஒரு தொழிலில் அது எளிதில் மன்னிக்கப்படும் குணம் அல்ல. எம்.ஜி.ஆரை வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்ற படத்தைத் தொடங்கினார். அது பாதியில் நின்றது, அவருடைய பணமும் அதோடு போயிற்று. 1966-இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை இயக்கி நடித்தார். தலைப்பு மத்தேயு நற்செய்தியிலிருந்து எடுத்தது. கதவு திறக்கவில்லை. எம்.ஜி.ஆரின் 'அடிமைப்பெண்' (1969) படத்தில் அவருக்கு வேடம் கிடைத்தது என்பதையும் சொல்லாவிட்டால் கணக்கு ஒருபக்கமாகிவிடும். அதற்குள் நாகேஷின் காலம் நன்றாக ஊன்றிவிட்டது. பாட்டை நம்பிய நகைச்சுவைக்கு இடம் குறைந்திருந்தது. சந்திரபாபு 1974 மார்ச்சில் சென்னையில் காலமானார். வயது 46.

பிறகு

அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குள் அதே கடல் வழியாக இன்னொரு குரல் வந்தது. இலங்கைத் தமிழ்ப் பாப் பாடகர் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' என்ற பைலா தமிழ்நாட்டில் மூலைமுடுக்கெல்லாம் ஒலித்தது. 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் குரலிலும் வந்தது. அதைக் கேட்டு ஆடியவர்கள் அதைப் புது மோகம் என்று நினைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பே சந்திரபாபு அதற்குக் காதுகளைப் பழக்கி வைத்திருந்தார்.

அவரைப் புதிதாகக் கேட்கப்போகும் மாணவர்களுக்கு ஒரு யோசனை. 'பம்பரக் கண்ணாலே' பாட்டை முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பிறகு ஒலியை நிறுத்திவிட்டுக் காட்சியை மட்டும் பாருங்கள். தோளும் முழங்காலும் எந்த இடத்தில் தாளத்துக்கு முன்னால் போகின்றன, எங்கே வேண்டுமென்றே பின்தங்குகின்றன என்று கவனியுங்கள். அதன்பின் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 'புத்தியுள்ள மனிதரெல்லாம்' பாட்டை அதற்கு மறுநாள் கேட்பது நல்லது.